ஃபேமிலிசர்ச்: தாத்தா பாட்டிய தேட சூப்பர், அவங்க வாழ்ந்த தெருவ தேட சுமார்

"ஃப்ரீயா? அப்ப எங்கயோ வில்லங்கம் இருக்கு"ன்னுதான் வம்சாவளி தேடற வெப்சைட்டான ஃபேமிலிசர்ச் பேர சொன்னதும் பாதி பேரு கேக்கறாங்க. நிஜமாவே ஃப்ரீதாங்க, கார்டு நம்பர் கூட கேக்காது, ஒரு அக்கவுண்ட் போட்டா போதும். நடத்தறது அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல இருக்கற மார்மன் சர்ச். 1894ல வம்சாவளி சங்கமா ஆரம்பிச்சாங்க, 1938லேருந்து பல நாடுகளுக்குப் போய் பழைய பதிவேடுகள மைக்ரோஃபிலிம்ல, அதாவது பக்கங்கள ரொம்ப சின்னதா படம் புடிக்கற ஃபிலிம் சுருள்ல, புடிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க, மொத்தம் 24 லட்சம் ரோல் சேந்துச்சு, அத வைக்கறதுக்குன்னே சால்ட் லேக் சிட்டி பக்கத்துல கிரானைட் மலைய குடைஞ்சு ஒரு பெட்டகம் கட்டிருக்காங்க. அந்த ரோல் கலெக்‌ஷன 2021ல டிஜிட்டலா மாத்தி முடிச்சிட்டாங்க. இவ்ளோ மெனக்கெடறதுக்கு காரணம் அவங்க மத நம்பிக்கை, செத்துப்போன முன்னோருக்காக உயிரோட இருக்கறவங்க ஞானஸ்நானம் வாங்கற சடங்கு ஒண்ணு அவங்ககிட்ட உண்டு. ஹிட்லர் காலத்துல கொல்லப்பட்ட யூதர்களோட பேர இதுல சேத்ததுக்கு பெரிய எதிர்ப்பு கிளம்பி 1995ல ஒப்பந்தம் போடற அளவுக்குப் போச்சு. நீங்க யூஸ் பண்றதுக்கு மதம்லாம் தடையே இல்ல, ஆனா இது மனசுக்கு உறுத்தும்னா முதல்லயே தெரிஞ்சுகிட்டு உள்ள போங்க.

மத்த சைட்டுலேருந்து பெரிய வித்தியாசம் எங்கன்னா, ஆன்செஸ்ட்ரி மாதிரி வம்சாவளி சைட்டுல நம்ம குடும்ப மரம் நம்மளுது, இங்க உலகத்துக்கே ஒரே மரம்தான். கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரே ஒரு பக்கம், அத நானும் திருத்தலாம், முகம் தெரியாத மூணாவது தலைமுறை பங்காளியும் திருத்தலாம். நல்லதும் இதுலதான், தலைவலியும் இதுலதான். எவனோ வந்து ஒரே பேர் இருக்கற வேற ஒருத்தர நம்ம ஆளோட சேத்து வெச்சுட்டுப் போகலாம். யாரு எப்ப என்ன மாத்தினாங்கன்னு வரலாறு இருக்கும், பழையபடி கொண்டுவரவும் முடியும், ஆனா நாமதான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுகிட்டு பாக்கணும். அந்த பக்கத்த ஃபாலோ பண்ணி வெச்சா மாத்தம் நடக்கும்போது தகவல் வரும். உயிரோட இருக்கறவங்க பக்கம் மட்டும் பப்ளிக்கா தெரியாது, அது நிம்மதி.

இப்ப பழைய பேட்டை, அதாவது நம்மாளுங்க வாழ்ந்த தெரு அக்கம்பக்கம், அந்த விஷயத்துக்கு வரேன், நான் இத எடுத்ததே அதுக்குத்தான். என் அப்பா வழி ஆளுங்க யாருன்னு ஓரளவு தெரியும், அவங்க எந்த வீட்ல இருந்தாங்க, பக்கத்து வீட்ல யாரு, தெருமுனை கடை யாருது, அந்த கதைங்கதான் ஒவ்வொரு பெரியவங்களோட சேந்து போய்ட்டே இருக்கு. சாதாரண தேடல் பேர வெச்சுத்தான் ஓடும், தெரு பேர போட்டா பெருசா ஒண்ணும் வராது. ஆனா 2024ல ஃபுல் டெக்ஸ்ட் சர்ச்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க பாருங்க, அது வேற லெவல். கையெழுத்துல இருக்கற பத்திரம், உயில் எல்லாத்தையும் ஏஐ வாசிச்சு வெச்சிருக்கு, அதனால தெரு பேர், வீட்டு பேர், சாட்சி கையெழுத்து போட்டவரு பேர்னு எத வேணா தேடலாம். தெரு பேர மேற்கோள் குறிக்குள்ள போட்டு, கட்டாயம் இருக்கணும்ங்கற வார்த்தைக்கு முன்னாடி ப்ளஸ் போட்டு தேடுங்க, குப்பை நிறைய குறையும். ஒரு சொத்து பத்திரத்துல நாலு பக்கத்துக்கும் எல்லை எழுதுவாங்கல்ல, கிழக்கே இன்னார் வீடு மேற்கே இன்னார் வீடுன்னு, ஒரு தெருவ திருப்பி கட்டறதுக்கு அதவிட நல்ல சாமான் கிடையாது. என்ன, எல்லா ஊர் எல்லா மொழி பதிவும் இதுக்குள்ள இல்ல, ஆரம்பிச்சதே அமெரிக்கா நிலப்பத்திரம், உயில் பதிவுலயும் மெக்சிகோ நோட்டரி பதிவுலயும்தான், உங்க ஊர் இருக்கான்னு முதல்ல பாத்துக்கோங்க. சில படங்க வீட்லேருந்து திறக்காது, பதிவு வெச்சிருக்கறவங்களோட போட்ட ஒப்பந்தம் அப்படி, ஃபேமிலிசர்ச் சென்டருக்கோ அவங்களோட இணைஞ்ச லைப்ரரிக்கோ போனாத்தான் தெரியும்.

அப்புறம் மெமரீஸ்னு ஒரு பகுதி. ஃபோட்டோ, டாக்குமெண்ட், கதை, ஆடியோ எல்லாம் ஏத்தலாம், ஃபோட்டோல இருக்கற ஒவ்வொரு முகத்துக்கும் டேக் போடலாம், தேதி இடம் குறிக்கலாம். ஆடியோதான் எனக்கு ரொம்ப புடிச்சது. எங்க அத்தைய உக்கார வெச்சு மொபைல் ஆப்புல ரெக்கார்ட் போட்டேன், "உங்க வாழ்க்கைய சொல்லுங்க"ன்னு கேட்டா ரெண்டு வரியில முடிச்சிட்டாங்க, பழைய தெரு ஃபோட்டோ ஒண்ண கையில குடுத்து "இந்த வாசல் யாரோடது அத்தை"ன்னு கேட்டதும் நிறுத்தவே இல்ல, யாரு வீட்ல முதல்ல ரேடியோ வந்துச்சு, யாரு யாரோட பேசாம இருந்தாங்க வரைக்கும் வந்துருச்சு. அந்த பேசாம இருந்த கதைய நான் ஏத்தல, சம்பந்தப்பட்டவங்க பேரப்பசங்க இருக்காங்க, ஊர்ச்சண்டைய நான் எதுக்கு உலகத்துக்கே படிக்க குடுக்கணும். இறந்தவங்கள டேக் பண்ணி போடறது எல்லாருக்கும் தெரியும்ங்கறத மறந்துடாதீங்க.

குறை எங்க வருதுன்னா அந்த தெரு ஃபோட்டோலதான். அதுல சொந்தக்காரங்க ரெண்டு பேருன்னா மிச்சம் எல்லாம் அக்கம்பக்கத்து ஆளுங்க. மரத்துல அவங்கள எங்க மாட்டறது? மத்த உறவுகள்னு ஒரு இடம் இருக்கு, அதுல அண்டை வீட்டுக்காரர், முதலாளி வேலையாள், ஞானத்தாய் தந்தை மாதிரி ரத்த சம்பந்தம் இல்லாத உறவையும் போடலாம். நிறைய பேருக்கு இது இருக்கறதே தெரியாது. ஆனா ஒவ்வொரு அண்டை வீட்டுக்காரருக்கும் தனியா பக்கம் திறக்கணும், ஒரு வீட்டுக்கோ கடைக்கோ தெருவுக்கோ பக்கமே கிடையாது. தெரு பேர்ல ஒரு ஆல்பம் போட்டு சமாளிக்கலாம், அது சமாளிப்புதான்.

இந்த தெரு வேலைக்கு விக்கிட்ரீங்கற இன்னொரு வம்சாவளி சைட் பெட்டர்னு சொல்லுவேன், அதுவும் ஃப்ரீ. அதுல ஆள் இல்லாம இடத்துக்கே தனிப்பக்கம் போடலாம், ஒன் பிளேஸ் ஸ்டடின்னு ஒரு ஊர் இல்ல ஒரு தெருவுல வாழ்ந்த எல்லாரையும் சேத்து எழுதற கூட்டமே இருக்கு. ஆதாரம் எங்கன்னு கேட்டு உசுர வாங்குவாங்க, அது நல்லதுக்குத்தான். வெறும் ஃபோட்டோவ மேப்புல குத்தி வைக்கணும்னா ஹிஸ்டரிபின் போதும். நான் பதிவு தேடறத ஃபேமிலிசர்ச்லயும் தெருவ விக்கிட்ரீலயும் வெச்சிருக்கேன், ரெண்டு இடத்துல எழுதறது கடுப்புதான், வேற வழி தெரியல.

ஒரே ஒரு விஷயம் ஏத்துக்கவே முடியல. வம்சாவளி தகவல ஒரு சாஃப்ட்வேர்லேருந்து இன்னொண்ணுக்கு மாத்தற ஜெட்காம் ஃபைல் முறைய 1984ல கொண்டு வந்ததே இதே சர்ச்தான், ஆனா அந்த பெரிய மரத்துலேருந்து நம்ம பகுதிய ஜெட்காமா இறக்க நான் பாத்த வரைக்கும் ஒரு பட்டன் இல்ல, ரூட்ஸ்மேஜிக் மாதிரி வேற சாஃப்ட்வேர் வழியா சுத்திதான் எடுக்கணும். அதனால ஆடியோ ஃபோட்டோ ஒரிஜினல்லாம் உங்க ஹார்ட் டிஸ்க்ல இருக்கட்டும், இத காப்பியா மட்டும் வெச்சுக்கோங்க. டிஎன்ஏ டெஸ்ட் கிட் இங்க விக்க மாட்டாங்க, அதுக்காக வரவங்க வேற சைட் பாருங்க. என் மார்க்: பதிவு தேட அஞ்சுக்கு நாலரை, மெமரீஸுக்கு நாலு, பழைய பேட்டைக்கு ரெண்டு.