இரைச்சலை எங்கே மறிப்பது: கம்பியிலா, ஆன்டெனாவிலா, ரேடியோவுக்குள்ளா?

ஹாம் ரேடியோவின் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) யாருமே பேசவில்லை. ஆனாலும் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரின் முள் 7-ல் நிற்கிறது. ஒரு எஸ் அலகு 6 டெசிபெல் என்பதால், எஸ்-4 அளவில் வந்து சேரும் ஒரு நிலையம் இரைச்சலுக்கு 18 டெசிபெல் கீழே கிடக்கும். அதன் குரலைக் கேட்கவே முடியாது. இதற்குப் பொதுவாக நான்கு வைத்தியங்கள் சொல்வார்கள்: வயரில் மாட்டும் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் வளையம், கேட்பதற்கென்றே தனி லூப் (வளைய) ஆன்டெனா, நாய்ஸ் கேன்சலர் பெட்டி, ரேடியோவுக்குள் இருக்கும் டிஎஸ்பி (சிக்னலை டிஜிட்டலாக வடிகட்டும் பகுதி).

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். என் விஷயத்தில் அவன் ஒரு லேப்டாப் சார்ஜர். ஸ்விட்ச் மோட் பவர் சப்ளைகளின் வழக்கப்படி, வாட்டர்ஃபாலில் (அலைவரிசைகளை ஓடும் படமாகக் காட்டும் திரையில்) சம இடைவெளியில் மங்கலான மேடுகளாகத் தெரிந்தான். பிளக்கைப் பிடுங்கியதும் முள் மூன்று அலகு இறங்கியது. எந்தப் பெட்டியும் அத்தனை மலிவாக அதைச் செய்திருக்காது.

பிடுங்கிவைக்க முடியாத கருவி என்றால் ஃபெரைட். கருவியின் வயரே ஆன்டெனாவாகி இரைச்சலைக் கக்குகிறது. ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் உங்கள் கோஆக்ஸ் கேபிளின் வெளிச்சடை அதை வாங்கி ஆன்டெனாவரை கொண்டுபோகிறது. அதனால் வளையம் இரண்டு இடத்தில் வேண்டும்: கருவியின் வயரில் ஒன்று, கோஆக்ஸ் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில் ஒன்று. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிளிப் மாதிரி மாட்டும் ஒரே ஒரு வளையத்தால் 7 மெகாஹெர்ட்ஸில் பெரிதாக எதுவும் நடக்காது. தடுப்பு ஏறத்தாழ சுற்றுகளின் வர்க்கத்தில் வளர்கிறது: அதே வளையத்துக்குள் வயரை ஐந்து முறை நுழைத்தால் சுமார் 25 மடங்கு. அதற்காகச் சுற்றிக்கொண்டே போகவும் கூடாது. சுற்றுகளுக்கு இடையிலான கெபாசிட்டன்ஸ் மேல் அலைவரிசைகளில் தடுப்பைக் கெடுத்துவிடும். கீழ் எச்எஃப் (ஷார்ட்வேவ்) பேண்டுகளுக்கு 31 என்ற வகை ஃபெரைட் பொருத்தம். எங்கிருந்தோ பிடுங்கிய, வகை தெரியாத வளையத்தை நம்ப வேண்டாம்.

சரி, மெயினை அணைத்தும் முள் அசையவில்லை. இரைச்சல் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. அங்கே போய் வளையம் மாட்ட முடியாது. இப்போது லூப்பின் முறை. சுமார் ஒரு மீட்டர் விட்டமுள்ள சிறிய லூப், பெரிய டைபோலைவிட (இரண்டு கை நீட்டிய சாதாரணக் கம்பி ஆன்டெனாவைவிட)ப் பலவீனமாகத்தான் கேட்கும். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்துத்தான் பின்வாங்குகிறார்கள். ஆனால் கீழ் பேண்டுகளில் நமக்கு வேண்டியது சத்தம் அல்ல. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. லூப்புக்கு இரண்டு பக்கமும் காது மந்தமான திசை உண்டு. அதைப் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பினால், தரையோடு ஊர்ந்து வரும் இரைச்சல் 20 டெசிபெலுக்கு மேலும் விழலாம். தூரத்து நிலையம் அயனி மண்டலத்தில் பட்டு மேலிருந்து சாய்வாக இறங்குவதால், அந்தப் பள்ளம் அதை அவ்வளவாக விழுங்குவதில்லை. இந்த அழகுக்காகவே எனக்கு லூப்பைப் பிடிக்கும். வீட்டிலிருந்து எத்தனை தள்ளி வைக்கிறீர்களோ அத்தனை நல்லது. டிரான்ஸ்மிட் செய்யும்போது அதன் ப்ரீஆம்பை (சிக்னலைப் பெருக்கும் சுற்றை)த் துண்டிக்க ஒரு ரிலே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் அது புகையும். 80 மீட்டரில் குறைந்தது ஓர் அலைநீளமாவது கம்பி இழுக்க இடமிருப்பவர்கள் பெவரேஜ் என்ற நீளக் கம்பி ஆன்டெனா போடலாம். மற்றவர்கள் அதைப் பற்றிக் கனவு காணலாம்.

கேன்சலர் பெட்டி, இன்னொரு சிறிய ஆன்டெனாவில் இரைச்சலைத் தனியே பிடித்து, ஃபேஸை, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாக்கி, பிரதான சிக்னலோடு கலக்கிறது. ஒரே இடத்திலிருந்து வரும் ஒரே இரைச்சல் என்றால் மாயம் போல மறைந்துவிடும். மூன்று இடத்திலிருந்து வந்தால் ஒன்றை அழிக்க, மற்ற இரண்டும் மிஞ்சும். பேண்ட் மாறும்போதெல்லாம் குமிழ்களை முதலிலிருந்து திருக வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

டிஎஸ்பி ஏற்கெனவே கையில் இருப்பது என்பதால் எல்லோரும் முதலில் தொடுவது அதைத்தான். டக் டக் என்ற துடிப்பு இரைச்சலுக்கு நாய்ஸ் பிளாங்கர், ஒரே சுதியில் ஊதும் கேரியருக்கு அந்தச் சுதியை மட்டும் வெட்டும் நாட்ச், பொதுவான இரைச்சலுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன். இதை மாற்றி அதைப் போட்டால் பலன் இல்லை. பலமான நிலையம் அருகில் இருக்கும்போது பிளாங்கர் புதுக் கரகரப்பையே உண்டாக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷனை அதிகம் ஏற்றினால் பேசுபவர் தண்ணீருக்குள் இருந்து பேசுவார். காதுக்கு இதம்தான், ஆனால் இரைச்சலில் மூழ்கிய சொல்லை அது மீட்டுத் தராது. சிடபிள்யூ (மோர்ஸ்) கேட்பவருக்கு எளிய வழி, ஃபில்டரை 2.4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 500 ஹெர்ட்ஸுக்குச் சுருக்குவது: இரைச்சல் கிட்டத்தட்ட 7 டெசிபெல் குறையும்.

என் வரிசை இதுதான்: மெயின் சுவிட்ச், ஃபெரைட், லூப், அப்புறம் டிஎஸ்பி. கேன்சலர், மற்ற எல்லாம் தோற்ற பிறகு. இதற்கெல்லாம் முன்பு, 40 மீட்டரில் ரேடியோவின் ப்ரீஆம்ப் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், எரிந்தால் அணையுங்கள். இரவில் பலமான நிலையங்கள் மோதி ரேடியோவுக்குள்ளேயே போலிச் சிக்னல்கள் பிறக்கின்றன என்றால் சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டெனுவேட்டரைப் போடுங்கள். உண்மையான சிக்னல் 10 டெசிபெல் இறங்கும். இப்படி மோதிப் பிறக்கும் மூன்றாம் வரிசைப் போலிகள் 30 இறங்கும்.