ரேஸ் காருக்கு ரோல் கேஜ் போடப் போகிறவர்கள் படியுங்கள்: ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் போச்சு

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய். எங்கள் வீட்டில் அது சும்மா வந்த பணம் இல்லை.

என் தம்பிக்கு ரேஸ் என்றால் உயிர். கொருக்குப்பேட்டையில் பிறந்து, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டிப் பழகியவன். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு தடவையாவது இறங்க வேண்டும் என்று நாலு வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய மாருதி எஸ்டீம் கார் வாங்கினான். வண்டி வாங்குவது சின்ன வேலை. அதை ரேஸுக்குத் தகுதியாக்குவதுதான் செலவு. உள்ளே இருக்கிறதையெல்லாம் கழற்றிவிட்டு ரோல் கேஜ் (வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காமல் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு), பக்கெட் சீட், பெல்ட், கட்-ஆஃப் சுவிட்ச், தீயணைப்பான், இழுவைக் கொக்கி எல்லாம் விதிப்படி இருந்தால்தான் ஸ்க்ரூட்டினியில், அதாவது ரேஸுக்கு முன் நடக்கும் வண்டிப் பரிசோதனையில், விடுவார்கள்.

மாதவரம் பக்கம் ஒரு பட்டறை. ரேஸ் வண்டி செய்து கொடுப்பதாகச் சொல்லும் இடம், பெயர் வேண்டாம். நாங்கள் போன அன்று அங்கே பாதி முடிந்த கேஜோடு ஒரு வண்டி நின்றது. அதில் கையை வைத்துத் தட்டிக் காட்டி, "அண்ணே, எல்லாம் சீம்லெஸ் பைப், எஃப்.ஐ.ஏ கணக்கு. உங்க தம்பி எனக்கும் தம்பிதான், அவன் உட்காரப் போற வண்டியில நான் விளையாடுவேனா?" என்றார். சீம்லெஸ் என்றால் தையல் இல்லாத குழாய், எஃப்.ஐ.ஏ என்றால் உலகக் கார் பந்தய அமைப்பு. டீ வாங்கிக் கொடுத்தார். தம்பி முகத்தைப் பார்த்தேன், அப்படி ஒரு வெளிச்சம். அதற்கு மேல் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அறுபதாயிரம் ஜிபேயில், மீதி மூன்று தவணையாகக் கையில். பில் கேட்டதற்கு "ஜி.எஸ்.டி. போட்டா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன சனிக்கிழமை வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஸ்க்ரூட்டினியில் பார்த்தவர் வயதானவர், அதிகம் பேசவில்லை. முதலில் கேஜின் கால் இறங்கும் இடத்தில் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு காலுக்கும் கீழே குறைந்தது 3 மில்லி மீட்டர் தடிமனில், 120 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு இரும்புத் தகடு வேண்டும், மூன்று போல்ட்டாவது வேண்டும். எங்கள் வண்டியில் வெறும் வாஷர் போட்டு மெல்லிய தரைத் தகட்டிலேயே முடுக்கியிருந்தார்கள். வண்டி உருண்டால் கால் தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும் என்றார். அப்புறம் முன்கண்ணாடித் தூண் ஓரம் விரலை விட்டுத் தடவினார். குழாயைச் சுற்றி முழுக்க வெல்டிங் இருக்க வேண்டிய இடம். கை எட்டாத பின்பக்கத்தில் வெல்டிங்கே இல்லை, பட்டி தடவி பெயின்ட் அடித்திருந்தது. பெல்ட்டின் லேபிளை நகத்தால் சுரண்டினார், மேலே ஒட்டியது உரிந்து வந்தது. அடியில் காலாவதியான பழைய தேதி. "இந்த வண்டியில யாரையும் உட்கார வைக்காதீங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். என் தம்பி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

வீட்டுக்கு வந்து, லேத் வைத்திருக்கும் ஒரு தெரிந்தவரிடம் ஒரு துண்டு அறுத்துப் பார்த்தோம். விதி என்ன சொல்கிறது? சீட்டுக்குப் பின்னால் வரும் முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. குழாய் என்றால் சுவர் தடிமன் 2.5, 50 மி.மீ. என்றால் 2.0, தையல் இல்லாத குழாயாக இருக்க வேண்டும். எங்களுக்குப் போட்டது 1.6. உள்ளே விரலை விட்டால் நெடுக ஒரு வரப்பு தட்டுகிறது. அதாவது தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த இ.ஆர்.டபிள்யூ பைப். மேஜை நாற்காலிக்கும் ஷெட்டுக்கும் போடுகிற சமாச்சாரம். என் தம்பி தலைக்கு மேல். இதற்கு ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம்.

போன் செய்தேன். முதல் நாள் "வெல்டர் பையன் பண்ண தப்புண்ணே, அவன் வேலையை விட்டுப் போயிட்டான்." இரண்டாம் நாள் "அங்க ஆளைக் கவனிச்சிருந்தா பாஸ் ஆயிருக்கும்." மூன்றாம் நாள் "நீங்க கொடுத்த பட்ஜெட்டுக்கு அதுதான் வரும்." பட்ஜெட் சொன்னதே அவர்தான்! குழாய்க்குச் சான்றிதழ் என்று அன்று ஒரு நகல் கொடுத்திருந்தார், அதை இப்போது எடுத்துப் பார்த்தால் அதில் இருக்கும் அளவே வேறு. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேற்று நேரில் போனேன். "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கார்" என்று ஒரு பையன் சொல்கிறான், உள்ளே அவர் இருமுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. பாதி ஷட்டரை என் முகத்துக்கு நேராக இறக்கினார்கள். ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் கொடுத்தவன் வெயிலில் நின்றேன்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லியாயிற்று. அடுத்தது வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் கொடுத்த ஒன்றேகால் லட்சத்துக்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் ஆதாரம், அதில் கடைப் பெயர்கூட இல்லை.

எப்படிச் செய்வது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பெயின்ட் அடிக்கும் முன்னால் ஒவ்வொரு வெல்டிங்கையும் சுற்றிப் பாருங்கள், எட்டாத இடத்துக்குக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். குழாய் வெட்டும்போது கூடவே நில்லுங்கள், வெட்டிய வாயில் வெர்னியர் வைத்து அளந்து, உள்ளே விரல் விட்டுத் தடவுங்கள். சீட், பெல்ட் லேபிளை நகத்தால் சுரண்டுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கேஜ் போட்ட வண்டியை ரோட்டில் ஓட்டாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

மாதவரம் பக்கம் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து மனுப் போடலாம். எஸ்டீம் வாசலில்தான் நிற்கிறது. தம்பி காலையிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை.