முதல் சட்டை உரிக்காத பால் பைதான் குட்டியை மார்ஃப் பெயரை நம்பி வாங்காதீர்கள்

"பேஸ்டல் யெல்லோ பெல்லி, 100 சதவீதம் ஹெட் பைட்" என்று சொல்லி எனக்கு ஒரு பால் பைதான் (ball python) பாம்புக் குட்டியை விற்றார்கள். பேஸ்டல், யெல்லோ பெல்லி, பைட் எல்லாம் மார்ஃப், அதாவது மரபணுவால் வரும் நிற வகைகள். ஹெட் என்றால் அந்த மரபணுவை வெளியே தெரியாமல் சுமக்கும் குட்டி. இப்போது என்னிடம் இருப்பது நார்மல், அதாவது சாதாரண நிறப் பாம்பு. சொன்ன மூன்றில் ஒன்றுகூட உறுதியாகவில்லை.

விற்றவர் அனுப்பிய படத்தில் குட்டி தங்கம் மாதிரி மின்னியது. அதிலேயே மயங்கிவிட்டேன். பிற்பாடு அதே படத்தை நிதானமாகப் பார்த்தபோதுதான் பாம்பைப் பிடித்திருந்த கை கண்ணில் பட்டது. விரல் நகம் வரைக்கும் மஞ்சள். படத்தில் நிறத்தை ஏற்றியிருக்கிறார்கள். தயவுசெய்து பாம்பைப் பார்ப்பதற்கு முன் அதைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள்.

குட்டி வந்த அன்றே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சட்டை உரிக்கப் போகும் பாம்புக்கு இருப்பதுபோல் கண்கள் பால் படர்ந்து இருந்தன, வயிற்றில் தொப்புள் தழும்பு இன்னும் முழுசாக மூடவில்லை. "மூன்று முறை இரை எடுத்துவிட்டது" என்று சொல்லியிருந்தார். முட்டையிலிருந்து வந்த குட்டி உடம்பில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவிலேயே சில நாள் ஓட்டும். பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டையை உரித்த பிறகுதான் இரை பக்கம் திரும்பும். என் குட்டி நான்காம் நாள்தான் சட்டையே உரித்தது. அப்புறம் அந்த மூன்று இரை எங்கே போனது?

சட்டை உரித்ததும் உண்மை நிறம் தெரிந்தது. நல்ல பழுப்பு, கறுப்பு. பேஸ்டல் என்றால் மஞ்சள் தெளிவாக இருக்கும், தலையின் மேல் வெளிறின திட்டு தெரியும், கண் கொஞ்சம் பச்சை சாயலில் இருக்கும். எதுவும் இல்லை. யெல்லோ பெல்லி விஷயத்தில் நான் அவசரப்படவில்லை, அது பழகினவர்களே தடுமாறும் மார்ஃப். வயிற்றின் ஓரங்களில் கட்டம் கட்டமாகப் புள்ளி வரும், விலாவில் தீ நாக்கு மாதிரி வெளிர் நிறம் ஏறும். ஒரே கிளட்ச், அதாவது ஒரே ஈட்டில் பொரிந்த குட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஓரளவு துணிந்து சொல்லலாம். முதல் சட்டைகூட உரிக்காத குட்டியில் இதை அடித்துச் சொல்வது பெரிய தவறு.

ஹெட் பைட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. பைட் என்பது பைபால்ட் என்பதன் சுருக்கம், அது ஒடுங்கு மரபணு. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் அந்த வெள்ளைத் திட்டுகள் வரும். ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால் குட்டி நார்மல் போலவேதான் இருக்கும். தகப்பன் பைட் என்று விற்றவர் சொன்னது உண்மையானால் பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் ஹெட்டாக இருந்தே தீர வேண்டும். சரி, பார்த்துவிடுவோம் என்று உரித்த சட்டையைப் பத்திரமாக எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். பைட் மரபணு இல்லை என்று வந்தது.

விற்றவரிடம் கேட்டேன். "போன முறை சேர்த்த ஆணின் விந்து தங்கியிருக்கும்" என்றார். பெண் பாம்பு விந்தைச் சேமித்து வைத்துப் பிறகு கருவுறுவது உண்டுதான். ஆனால் தாய் இன்னொரு ஆணோடு சேர்ந்தது அவருக்கு முன்பே தெரியும் என்றுதானே அர்த்தம்? அதை மறைத்துவிட்டு எப்படி 100 சதவீதம் என்று எழுதினார்? அந்தக் கேள்விக்குப் பிறகு பதிலே வரவில்லை, பணமும் வரவில்லை.

குட்டியைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. இப்போது ஒழுங்காக இரை எடுக்கிறது, கையில் வைத்தால் பந்தாகச் சுருண்டுகொள்கிறது. என் கவலை அதே கிளட்சில் இதே பெயரோடு போன மற்ற குட்டிகளைப் பற்றித்தான். இரண்டு மூன்று வருடத்தில் யாராவது அவற்றை ஹெட் பைட் என்று நம்பி இணை சேர்ப்பார்கள், அவற்றின் குட்டிகளும் அதே பொய்யோடு விற்கப்படும். சட்டை உரிப்பதற்கு முன்னாலேயே மார்ஃப் பெயரோடு வந்த குட்டி உங்களிடம் இருந்தால், அடுத்த முறை உரிக்கும் சட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். காய வைத்து, உறையில் போட்டு, சோதனைக்கு அனுப்புங்கள்.