குளத்து 1500 மீட்டர் நீச்சலை விட்ட பிறகு: 10 கி.மீ. பந்தயமா, ஆங்கிலக் கால்வாயா?

குளத்து வேகம் இன்னும் மிச்சமிருந்தால் ஒலிம்பிக்கின் 10 கி.மீ. திறந்தநீர் நீச்சலுக்குப் போங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கடைசி சில நூறு மீட்டரில் பாய முடியாதவருக்குப் பதக்கம் கிடையாது. பயிற்சியாளர் நீட்டுக்கோலில் நீட்டும் பானக் கோப்பையை எடுத்து, மல்லாந்து, இரண்டே மடக்கில் குடிக்க வேண்டும். அங்கே நின்றால் முன்னணிக் கூட்டம் போயே போய்விடும். 2008 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது, நாட்டின் ஆதரவும் கிடைக்கலாம்.

இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்கு நீந்தும் கால்வாய் வேறு கதை. நேர்கோட்டில் சுமார் 33 கி.மீ. என்றாலும் சுமார் ஆறு மணி நேரத்துக்கொருமுறை திரும்பும் நீரோட்டம் பாதையை வளைத்து நீட்டிவிடும். பிரெஞ்சு முனையைச் சற்றே தவறவிட்டால் கரை கண்ணுக்குத் தெரியும், மணிக்கணக்கில் நெருங்காது. நீச்சலுடை, ஒற்றைத் தொப்பி, கண்ணாடி. குளிர் தாங்கும் ரப்பர் உடை கூடாது, கூட வரும் படகைத் தொட்டால் முடிந்தது. நீர் பெரும்பாலும் 15–18 டிகிரி. ஆகவே முன்கூட்டியே 16 டிகிரிக்கு மிகாத நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். குளத்தில் பாரமாக இருந்த கொழுப்பு இங்கே கவசம். அக்குளிலும் கழுத்திலும் வாசலின் தடவாவிட்டால் உப்பு தோலை உரித்துவிடும்.

வயதைவிடக் குளிர்தான் ஆபத்து. 1971-இல் பாக் நீரிணையை இருவழியும் கடந்த இலங்கை நீச்சல் வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன், 1984-இல் இந்தக் கால்வாய் முயற்சியில்தான் இறந்தார். நடுக்கம் நின்று பேச்சு குழறினால், கரை எவ்வளவு பக்கமென்றாலும் படகில் ஏற்றிவிட வேண்டும்.