கூடை ஊஞ்சல் மறுபடி ஆடுகிறது: எங்கள் பூங்காவின் புதுச் சாதனங்கள், மூன்றாவது கோடையில்

பக்கத்து வார்டில் குடியிருப்போர் சங்க வேலைகளைப் பார்க்கும் தோழி போன வாரம் போன் செய்தாள். "எங்க பூங்காவுக்கும் புதுசா சறுக்குமரம், ஊஞ்சல் எல்லாம் வாங்கப் போறாங்களாம். உங்க பூங்காவுல போட்டது நல்லா இருக்கா? அதையே கேட்கட்டுமா?" என்றாள். அவள் கேட்டதற்கு முந்தின நாள்தான் எங்கள் பூங்காவின் கூடை ஊஞ்சல் சரியாகி இறங்கியிருந்தது. கோடை விடுமுறை முழுக்க அதைச் செயினோடு சுருட்டி மேல் கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டே மேற்கொண்டு படியுங்கள்.

என்னென்ன போட்டார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. இப்போது எந்த ஊர்ப் பூங்காவிலும் பார்க்கிற அதே தொகுப்புதான்: பிளாஸ்டிக் கூரையும் இரண்டு சறுக்கும் சேர்ந்த மேடை, ஒரு சீசா, இரண்டு சாதா ஊஞ்சல், கீழே ரப்பர் தரை. இவற்றோடு ஒரு கூடை ஊஞ்சலும் வந்தது. பெரிய வட்ட வளையம், நடுவில் கயிற்று வலை, நான்கு பக்கமும் செயின். வந்த அன்று அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நானும்தான்.

ஒரே மாதத்தில் பூங்காவில் கூட்டம் நிற்கிற இடமே அதுதான் என்று ஆகிவிட்டது. சாதா ஊஞ்சலில் ஒரு பிள்ளை ஆடும், மற்றவை முறைக்குக் காத்து நிற்கும், கடைசியில் சண்டை வரும். கூடையில் நான்கைந்து பேர் ஒன்றாக ஏறி, கால்களை வெளியே நீட்டிக்கொண்டு கத்துவார்கள். தெரியாத பிள்ளைகள்கூடப் பத்து நிமிடத்தில் கூட்டு சேர்ந்துவிடுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறொன்று. எங்கள் பகுதியில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு சிறுமி இருக்கிறாள், தானாக உட்கார முடியாது. முன்பெல்லாம் அவள் அம்மா பூங்காவுக்குக் கூட்டி வந்தாலும் ஓரமாக நிறுத்தி வேடிக்கை காட்டிவிட்டுத் திரும்பிப் போவார். ரப்பர் தரை மேல் நாற்காலி ஊஞ்சல் வரை உருண்டு வருகிறது. அவளைத் தூக்கிக் கூடையில் படுக்க வைத்தால் தம்பியும் பக்கத்தில் ஏறிக்கொள்வான். அவள் சிரிக்கிற சத்தம் நடைபாதைக்குக் கேட்கும். பூங்காவுக்குச் செலவழித்த பணத்தில் இந்த ஒரு ஊஞ்சலுக்கான பங்கு வீணாகவே போகவில்லை என்று யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

சறுக்கு மேற்குப் பார்த்து நிற்கிறது. பூங்கா திறப்பது மாலை நான்கு மணிக்கு. ஏப்ரல், மே மாதங்களில் ஐந்தரை வரை அதில் தொடை வைக்க முடியாது. பிளாஸ்டிக் சுடாது என்று நினைப்பது தப்பு. ஒரு வேப்பமரம் இருக்கிற பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். சிவப்பு நிறம் வெளிறிவிட்டது, ஆனால் விரிசல் இல்லை. சீசா பரவாயில்லை.

பழைய ஊஞ்சல்களை நினைத்து ஏங்குகிறவர்கள் எங்கள் பூங்காவில் நிறைய. ஒரே ஜி.ஐ. பைப்பில் நான்கு ஊஞ்சல், கீழே மணல். அதைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டிடங்களுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. ஊஞ்சல் தொங்குகிற ஒரு சட்டகத்தில் இரண்டு ஊஞ்சலுக்கு மேல் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் 24 அங்குலம், தூணிலிருந்து 30 அங்குலம் விட வேண்டும் என்கிறது. எங்கள் பழைய சட்டகத்தில் நடு ஊஞ்சலில் ஆடிய பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் காலில் அடி வாங்காத நாள் அபூர்வம். மணலும் அப்படித்தான். 9 அங்குல ஆழம் இருந்தால் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும் என்பது அதே கையேட்டின் கணக்கு. ஊஞ்சலுக்கு நேர் கீழே, பிள்ளைகள் காலைத் தேய்த்து நிறுத்துகிற இடத்தில், மணல் விலகி வெறும் கட்டாந்தரைதான் இருந்தது. விழுவதும் அங்கேதான். ஆகவே புதுசு பாதுகாப்பானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, கூடை ஊஞ்சலுக்கு வருகிறேன். மார்ச்சில் ஒரு பக்கம் 'கிறீச்' என்று சத்தம் வந்தது. அப்புறம் கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. காவலாளி அண்ணன் பொறுப்பான மனிதர், அன்றைக்கே சுருட்டி மேலே கட்டிவிட்டார். புகார் கொடுத்தோம், எண் வந்தது. நேரில் போய்க் கேட்டபோது ஒப்பந்தக் காலம் முடியவில்லை, சாதனத்தைப் போட்ட நிறுவனத்து ஆள்தான் தொட வேண்டும், வெளியாள் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்றார்கள். அதுவும் நியாயம்தான். நிறுவனத்து ஆள் வரவில்லை. பிள்ளைகள் தினமும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிறுமியின் அம்மா இரண்டு தடவை வந்தார், பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்.

பள்ளி திறந்த பிறகு ஒருவழியாக ஆள் வந்தார். ஏணி வைத்து ஏறினார். கூடையைப் பிடித்திருக்கிற போல்ட்டின் தலை சாதாரண ஸ்பேனருக்கோ ஆலன் கீக்கோ அடங்காது: நட்சத்திர வடிவக் குழி, அதன் நடுவில் சின்னதாக ஒரு குச்சி. திருடிப் பழைய இரும்புக் கடையில் போடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதற்கான சாவியை அவர் பையிலிருந்து எடுத்தார். கழற்றினால் உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு நைலான் புஷ், அதாவது இரும்போடு இரும்பு உரசாமல் நடுவில் போடுகிற குழல்; அது ஒரு பக்கம் தேய்ந்து காகிதம்போல மெலிந்திருந்தது. வேறொன்றைப் போட்டு, கிரீஸ் தடவி, முறுக்கிவிட்டு இறங்கினார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற எந்த லேத் பட்டறையிலும் நைலான் கம்பியைக் கடைந்து அதே புஷ்ஷை அன்றைக்கே கொடுத்திருப்பார்கள். பழைய ஊஞ்சலில் வளையம் தேய்ந்தால் தோட்டக்காரரே வெல்டிங் கடையிலிருந்து புது வளையம் வாங்கி மாட்டிவிடுவார். சாயங்காலம் பிள்ளைகள் ஆடுவார்கள்.

என் கோபம் இந்த இடத்தில்தான். சாதனம் கெட்டது என்று சொல்ல மாட்டேன், மூன்று கோடையில் தேய்ந்தது ஒரு புஷ் மட்டும்தான். அதை வாங்கிய விதத்தில்தான் கோளாறு. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) சட்டப்படி, கேட்ட தகுதிகளோடு வருகிறவர்களில் குறைந்த விலைக்காரருக்குத்தான் வேலை போகும். அதனால் கேட்கும்போது எழுதாத எதுவும் கூட வராது. பைப்பின் பருமனையும் பெயின்ட்டையும் கேட்டு எழுதியிருப்பார்கள். உதிரிபாகத்தை எழுதியிருந்தால் வந்திருக்கும்.

தோழிக்கு நான் சொன்னது இதுதான். தேய்கிற புஷ், செயின், போல்ட் சாவி எல்லாம் ஒரு செட் கூடுதலாகப் பூங்காவிலேயே இருக்க வேண்டும், இத்தனை நாளுக்குள் பழுது பார்க்காவிட்டால் அபராதம் என்றும் டெண்டரில் எழுத வேண்டும். இதற்கு இப்போதே மனு கொடு. சறுக்கு வடக்குப் பார்த்து இருக்கட்டும். வாசலில் மாடும் பைக்கும் வராமலிருக்க வளைந்து போகிற கம்பித் தடுப்பு வைப்பார்களே, அதில் சக்கர நாற்காலி நுழையாது. எங்களுக்குப் பெரிய கேட்டைத் திறந்துவிட ஒவ்வொரு தடவையும் காவலாளியைத் தேட வேண்டியிருக்கிறது. அதையும் சேர்த்துக் கேள்.

இதெல்லாம் எழுத முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். அப்படியானால் கூடை ஊஞ்சல் வேண்டாம் என்று சொல்லிவிடு, இரண்டு இரண்டாகச் சாதா ஊஞ்சலும் நிறைய மணலும் போதும் என்றேன். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் இப்படிச் சொல்கிறாய் என்றாள். அந்த அம்மா இரண்டாவது தடவை வந்து திரும்பிப் போனதைப் பார்த்தவள் நான், இன்றைக்கு என்னால் வேறு மாதிரி சொல்ல முடியாது.