தெருவிழாக் கண்காட்சிக்கு எது உதவும்: கணக்கெடுப்புத் தாளா, நகர முகவரிப் புத்தகமா?

அமெரிக்க நகரங்களில் தெருவிழா நடத்தும் குழுவினர், தங்கள் வீடுகளில் முன்பு வாழ்ந்தவர்களைப் பற்றிக் கண்காட்சி வைக்க விரும்பும்போது, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள், நகரில் வசிப்போரைப் பட்டியலிடும் முகவரிப் புத்தகம் ஆகிய இவ்விரண்டில் எதை நாடுவது என்று தயங்குகிறார்கள்.

விவரம்: 1940ஆம் ஆண்டுத் தாளில் குழந்தைகள் உட்பட வீட்டிலிருந்த ஒவ்வொருவரின் வயதும் பிறந்த இடமும், வேலைக்குச் சென்றவர்களின் தொழிலும், வீட்டின் மதிப்பு அல்லது வாடகையும், 1935இல் அவர்கள் வசித்த ஊரும் பதிவாகியுள்ளன. சொத்துப் பத்திரங்களில் இடம்பெறாத வாடகைதாரர்களும் இதில் பெயருடன் நிற்பதையே நான் இதன் பெருஞ்சிறப்பாகக் கருதுகிறேன். முகவரிப் புத்தகத்தில் பெரும்பாலும் பெரியவர்களின் பெயரும் தொழிலும் மட்டுமே இருக்கும்.

காலம்: கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, பெயர்கள் 72 ஆண்டுகளுக்குப் பின்னரே வெளியாகின்றன. முகவரிப் புத்தகங்கள் பல நகரங்களில் ஆண்டுதோறும் வெளிவந்தன.

எளிமை: தாள்கள் கணக்கெடுப்பு வட்டங்களாக, அதாவது ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் முதலில் வட்ட எண்ணைக் கண்டறிய வேண்டும். பல முகவரிப் புத்தகங்களில் தெருவாரிப் பட்டியலே உண்டு.

செலவு: 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 முதல் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசம், புத்தகங்களை உள்ளூர் நூலகத்தில் பார்க்கலாம்.

குடும்பங்களின் கதையைச் சொல்ல விரும்புவோருக்குக் கணக்கெடுப்புத் தாளே ஏற்றது. கடைகள் கைமாறிய வரிசையை ஆண்டுவாரியாகக் காட்ட விரும்புவோர் முகவரிப் புத்தகத்தை எடுக்கலாம்.