150-600 ஜூமா, 300 எஃப்4 பிரைமா?

பறவைப் படம் எடுக்கத் தொடங்கியவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் முச்சந்தி இது. ஒரு பக்கம் 150-600 மி.மீ. ஜூம், அதாவது திருகினால் குவியத் தூரம் மாறும் லென்ஸ். இன்னொரு பக்கம் குவியத் தூரம் மாறாத 300 மி.மீ. எஃப்4 பிரைம், கூடவே அந்தத் தூரத்தை 1.4 மடங்கு கூட்டும் ஒரு டெலிகன்வெர்ட்டர். இரண்டையும் கடற்கரைக்கும் காட்டுக்கும் மாற்றி மாற்றித் தூக்கிப் போனவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்: பறவை எவ்வளவு கிட்டே வரும் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. லென்ஸின் மி.மீ. அதற்கு அப்புறம்.

முதலில் எடை. சிக்மா 150-600 கன்டெம்பரரி 1.93 கிலோ. நிக்கானின் 300 எஃப்4 பிஎஃப் வெறும் 755 கிராம், கேனனின் பழைய 300 எஃப்4 ஐஎஸ் 1.19 கிலோ. காலை ஆறு மணிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பத்து மணிக்குத் தோள்பட்டை சொல்லும்.

கடற்கரையில் ஜூம் ராஜா. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, எஃப்6.3 (எஃப் எண் ஏற ஏற உள்ளே வரும் ஒளி குறையும்) வைத்தாலே ஷட்டர் 1/2500 நொடி வரை போகும். எஃப்4 இல்லையே என்ற ஏக்கமே வராது. ஈர மணலில் ஓடும் ஓர் உள்ளானை 600-இல் பிடித்துக்கொண்டிருப்போம், திடீரென்று கூட்டமே எழும்பும். சட்டென 200-க்குத் திருகினால் முழுக் கூட்டமும் படத்துக்குள் வந்துவிடும். பிரைம்காரர் கையில் அப்போது இருப்பது பாதி இறக்கைகள்தான்.

ஆனால் 600 இருக்கிறதே என்று தூரத்துத் திட்டில் உட்கார்ந்திருக்கும் ஆலாவைக் குறிவைத்தால் ஏமாற்றம்தான். ஒன்பது மணிக்கு மேல் மணல் சூடாகி, இடையில் உள்ள காற்று நெளிய ஆரம்பிக்கும். அந்தக் கானலுக்கு முன்னால் எந்த லென்ஸும் ஒன்றுதான். இறகு விளிம்பெல்லாம் தண்ணீரில் கரைந்ததுபோல் வரும். நான் அதை ஃபோகஸ் கோளாறு என்று நினைத்து ஒரு வாரம் லென்ஸைத் திட்டியிருக்கிறேன். நீர் ஏறும் நேரத்தில் ஓரமாகப் படுத்துக் காத்திருந்தால், நீர் அவற்றின் மேய்ச்சல் இடத்தைச் சுருக்கச் சுருக்க, பறவைகள் தாமாகவே நம் பக்கம் வரும். அப்போது 300 கூடப் போதும்.

இன்னொன்று, மணல். முன்பக்கம் நீளும் ஜூம்களில் குழாய் உள்ளே வெளியே போகும்போது ஒட்டிய துகளும் கூடவே போகிறது. காற்றடித்த ஒரு நாளுக்குப் பிறகு என் ஜூமைத் திருகினால் கரகரவென்று சத்தம். சோனி 200-600, நிக்கான் 180-600 போன்றவை திருகினாலும் நீளாது. கடலோரம் அடிக்கடி போகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

காட்டுக்கு வருவோம். அடர்ந்த நிழலில், கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/250 வேண்டுமென்றால், எஃப்6.3-இல் ஐஎஸ்ஓ 5000 கேட்கும் இடத்தில் எஃப்4-க்கு 2000 போதும். இதைக் காட்டித்தான் எல்லோரும் பிரைமுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உச்சிக்கிளையில் இருக்கும் மரங்கொத்தியை இரண்டு லென்ஸாலும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். 300-இல் எடுத்ததை 600 அளவுக்கு வெட்டி கிராப் செய்தால், 24 மெகாபிக்சலில் 6 தான் மிஞ்சும். நாய்ஸும் (படத்தின் புள்ளிப் பிசிறு) அதோடு பெரிதாகத் தெரியும். எஃப்4 தந்த லாபம் கிராப்பில் கரைந்துவிடும், சொல்லப்போனால் ஜூமே கொஞ்சம் முந்தும். கன்வெர்ட்டர் மாட்டினால் 420 எஃப்5.6, அப்போதும் பறவைமேல் விழும் பிக்சல் 600-இல் விழுவதில் பாதிதான்.

அப்படியானால் பிரைம் எங்கே ஜெயிக்கிறது? கிட்டே. ஈப்பிடிப்பான் பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் அசையாமல் அரை மணி நேரம் உட்கார முடிந்தால் சட்டம் நிறையப் பறவை, பின்னால் பச்சை மொத்தமும் கரைந்து கிடக்கும். ஒருமுறை ஒரு குட்டைக்கருகே இரண்டு மீட்டருக்குள் வந்து குளித்தது ஒன்று. அலகடி மீசை மயிரில் நீர்த்துளி நிற்பதுகூடத் தெரிந்தது. அந்த நிக்கான் பிஎஃப் லென்ஸ் 1.4 மீட்டர் வரை ஃபோகஸ் செய்யும். நான் சொன்ன சிக்மாவுக்கு 2.8 மீட்டர் வேண்டும். ஜூம் வைத்திருந்தால் எழுந்து பின்னால் நகர்ந்திருக்க வேண்டும், அது பறந்திருக்கும்.

நிலக்காட்சிக்கு ஜூமின் 150 முனை உண்மையிலேயே பயன்படும்: பனிமூட்டத்தில் அடுக்கடுக்கான மலைகள், வரிசையாக வரும் அலைகள். காட்டின் உட்புறத்துக்கு அகல லென்ஸ் இல்லாமல் முடியாது. பிரைமில் மிச்சமாகும் எடையில் ஒரு 16-35 எஃப்4 பைக்குள் வந்துவிடும். மேலே சொன்ன இரண்டு 300-களுக்கும், கேனன், நிக்கான் இரண்டின் 16-35 எஃப்4-க்கும் 77 மி.மீ. ஃபில்டர்தான், மழை நின்ற காட்டில் இலைப் பளபளப்பை அடக்க ஒரே போலரைசரை மாற்றி மாற்றிப் போடலாம். சிக்மாவுக்கு 95 மி.மீ. வேண்டும்.

கடற்கரை மட்டும் என்றால் ஜூமை எடுக்கிறேன். இரண்டும் சேர்ந்த நாளில் பிரைமும் அகல லென்ஸும். தூரத்து ஆலாக்கள் போனால் போகட்டும். கன்வெர்ட்டரை மட்டும் மணலில் கால் வைப்பதற்கு முன்பே, வண்டிக்குள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாட்டிக்கொள்வேன்.